கொய்யாக் கம்பும் வெந்நீர் சாரும்

தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களில், அந்தத் தண்ணீரை ஒருநாள்கூட நம்பாத ஒரே மனிதர் எங்கள் தெரு வெந்நீர் சார்தான். அவர் நம்பாதது தண்ணீரை மட்டுமல்ல. கடையில் வாங்கிய செருப்பு, புதுக் கைக்குட்டை, பேரனுக்கு வாங்கிய பம்பரம் எல்லாமே ஒரு கொதி கண்ட பிறகுதான் அவர் வீட்டுக்குள் நடமாடலாம். எங்கள் தெருவே வேன் பிடித்து மணிமுத்தாறு அருவிக்குப் போயிருந்தபோது, அருவியில் ஆசைதீரக் குளித்துவிட்டு, டீக்கடையில் ஒரு வாளி வெந்நீர் வாங்கி மேலுக்கு ஊற்றிக்கொண்டார்.

"அருவித் தண்ணி எங்கெல்லாம் சுத்திட்டு வருதுன்னு யாரு கண்டா வே?" என்று எனக்கு விளக்கம் வேறு. டீக்கடைக்காரர் டீ போடத் தண்ணீர் இல்லாமல் அடுத்த பானையை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

பாளையங்கோட்டையில் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருக்கும். தபால்காரருக்கு வேண்டுமானால் தெரிந்திருக்கலாம். மற்ற எல்லோருக்கும் வெந்நீர் சார். அவர் காதுபடக் கூப்பிடும்போது வெறும் சார்.

எனக்கு அவர்மேல் பொறாமை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எப்படியும் இன்னும் நாலு வரியில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். நான் பத்திரிகையில் எழுதுகிறவன். என் புகைப்படம் அச்சில் வருகிறது. அந்தப் பத்திரிகையைக் கிழித்து, என் மூக்கின்மேலேயே வடையை வைத்து மடித்துத் தருகிற தெருமுனைக் கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்து, "நம்ம சாருக்கு எதுத்த வீடுதான நீங்க?" என்பார். என் சொந்த மனைவி எஸ்தர் மீன் குழம்பு வைத்தால் முதல் கிண்ணம் தெருவைத் தாண்டிப் போய்விடும். "சார் தனியா இருக்காவ, பாவம்" என்பாள். நான் கூட்டத்தோடு இருந்து என்ன கண்டேன் என்று கேட்டால் இரண்டாவது கிண்ணமும் போய்விடும்.

அவரிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மாடியில் ஓர் அறை கட்டலாம். கட்டினால், "மாடியில நின்னா சார் வீடு நல்லாத் தெரியும்" என்பார்கள். யோசித்து யோசித்து, கடைசியில் சென்னையில் ஒரு கடையிலிருந்து இகுவானா ஒன்றை வாங்கி வந்தேன். இகுவானா என்றால் நம் ஓணானின் வெளிநாட்டு ஒன்றுவிட்ட சகோதரி. பச்சைப் பசேலென்று முதுகில் சீப்புப் பல் வரிசையோடு இருக்கும். நீளமான பச்சை மிளகாய் போல இருந்ததால் மிளகாய் என்றே பெயர் வைத்தேன். வளர்க்கத் தடையுள்ள உடும்பு என்று நினைத்து, "உள்ள தூக்கிப் போட்டுருவாவ வே" என்று பயமுறுத்தியவர்களிடம் அரசாங்கத்தில் பதிவு செய்த காகிதத்தைக் காட்டினேன். அன்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தெரு என் வீட்டு வாசலில் நின்றது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சாயங்காலம் வந்ததே இல்லை.

கூட்டம் கலைகிற நேரம் பார்த்து வெந்நீர் சார் வந்தார். அவர் முகத்தில் கொஞ்சமாவது ஏக்கம் தெரியாதா என்று ஆவலோடு பார்த்தேன். அவர் கண்ணாடிக் கூண்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது ஏறுத பிள்ளைலா வே. கம்பு எங்க?"

கூண்டில் ஒரு பிளாஸ்டிக் கொடி இருந்தது. கடைக்காரன் இனாமாகக் கொடுத்தது. அதைக் காட்டினேன்.

"அது உம்ம வரவேற்பறைக்கு. பிள்ளைக்கு எங்க?"

என் வெற்றி அந்த ஒரு சாயங்காலத்தோடு முடிந்தது. அடுத்த சில நாட்களில் மிளகாய் தரையோடு தரையாகக் கிடந்தது. பச்சை மங்கிப் பழைய துணி நிறத்துக்கு வந்தது. செம்பருத்திப் பூவை மூக்கருகே நீட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டது. நான் தொடப் போனால் மட்டும் எங்கிருந்தோ தெம்பு வந்து வாலைச் சுழற்றி என் கையில் ஒன்று வைத்தது. கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனோம்.

"இது மரத்துலயே கெடக்குத ஜாதி. உசரத்துல ஏறி, வெளக்குச் சூட்டுலயும் வெயில்லயும் காஞ்சாத்தான் தின்னது செரிக்கும். இப்பிடியே தரையில போட்டு வச்சீங்கன்னா ரொம்ப நாள் தாங்காது" என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மிளகாயை எஸ்தர்தான் மடியில் வைத்திருந்தாள். வாசலில் இறங்கியதும், "வாயில்லா ஜீவன், உங்க பவுசுக்காகக் கொண்டு வந்தது. அது செத்துச்சுன்னா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள். பிறகு நேராகத் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ஒரு கம்பு கொண்டுவருவதில் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் வெந்நீர் சாரோடு கம்பு தேடப் போனதில்லை. என் வீட்டு வாசலிலேயே செவ்வரளி வளைந்து நெளிந்து அழகாக நின்றது. அதை ஒடித்துக் காட்டினேன்.

"அரளியா? ஏறக் கம்பு கேட்டா எமனக் கூட்டிட்டு வாரீரே வே. போய்க் கையக் கழுவும் மொதல்ல."

எருக்கு என்றேன். பால் வடியும், விஷம் என்றார். மணிமுத்தாற்றுப் பக்கம் போனால் காட்டில் எவ்வளவோ விழுந்து கிடக்கும் என்றேன். காட்டு மரத்தைத் தொட்டால் வனத்துறைக்காரர் வருவார், ஓணானுக்கு இருக்கிற காகிதம் எனக்கு இருக்காது என்றார். ரோட்டோரத்துப் புளியமரத்துக் கிளை கிடைத்தது. அதில் ஆணி அடித்த தழும்பும் வெள்ளையும் சிவப்புமாகப் பெயின்ட் பட்டையும் இருந்ததால் தள்ளுபடி. வாழைத் தோட்டத்து வேலிக்கம்பு, பூச்சி மருந்து குடித்திருக்கும் என்பதால் தள்ளுபடி. தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அவர் இவ்வளவு விசாரிக்கவில்லை என்று சத்தியம் செய்வேன், அந்த விசாரணைக்கும் நான்தான் கூடப் போயிருந்தேன்.

தச்சநல்லூரில் ஒரு மரக்கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி தேக்குக் கட்டையைத் தட்டிக் காட்டினார்.

"ஆயுசுக்கும் நிக்கும் சார்."

"மருந்து அடிச்சதா அண்ணாச்சி?"

"அடிக்காம விப்பமா? கரையான் கிட்டயே வராதுலா."

"கரையானே வராத கட்டையில எம் பிள்ள எப்பிடி ஏறும்?"

நான் இதைக் கேட்டிருந்தால் அண்ணாச்சி கடையை விட்டு வெளியே அனுப்பியிருப்பார். சார் கேட்டதால், "நியாயந்தான்" என்று சொல்லி, பையனை அனுப்பி டீ வாங்கித் தந்தார். டீ ஒன்றுதான் வந்தது. 'எம் பிள்ள' என்று அவர் சொன்னதையும் கவனித்தேன். பதிவுக் காகிதத்தில் என் பெயர் இருக்கிறது.

கடைசியில் கம்பு கிடைத்தது ஸ்ரீவைகுண்டத்தில், எஸ்தருடைய அண்ணன் வீட்டுப் பின்கட்டில். என் மச்சானுக்கு அங்கே ஒரு கொய்யாமரம். கல்யாணமான நாளிலிருந்து அந்த மரத்தில் ஒரு காயை எனக்கு அவர் பறித்துத் தந்ததில்லை. காற்றில் முறிந்து, காய்ந்துபோயிருந்த பெரிய கவட்டைக் கிளை ஒன்றைச் சார் தடவிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "இதுக்கு என்னைக்காவது மருந்து அடிச்சிருக்கா?" என்றார்.

"எம் பிள்ளையளு திங்குத மரம் சார், அடிப்பமா?" என்றார் மச்சான். பிறகு, "கெள போதுமா சார், மரத்தையே வெட்டட்டுமா?" என்று கேட்டார். அப்போதும் எனக்கு ஒரு காய் வரவில்லை.

கிளை என் உயரத்துக்கு இருந்தது. அதோடு பஸ் ஏறினால் எந்தக் கண்டக்டரும் இறக்கி விடுவார். இந்தக் கண்டக்டர் சாரிடம் படித்தவர். கொய்யாக் கிளைக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது, நான் பாளையங்கோட்டை வரை நின்றுகொண்டு வந்தேன்.

அதோடு முடிந்துவிட்டதாக நினைத்தேன். சார் தேங்காய் நார் எடுத்துக் கிளையை உட்கார வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கூண்டு அளவுக்கு நுனியை அறுத்து, உதிரும் பட்டையை உரித்தார், கூரான சிம்புகளை உப்புத்தாளால் இழைத்தார். எஸ்தர் பினாயில் பாட்டிலைக் கொண்டுவந்தாள்.

"ஐயோ, வேண்டாம்மா. சோப்பும் ஆவாது. கட்டை எல்லாத்தையும் குடிச்சிக்கிடும். பொறவு வெளக்குச் சூட்டுல கொஞ்சங் கொஞ்சமா கக்கும், பிள்ள அதத்தான் மோந்துக்கிட்டுக் கெடக்கும்."

"அப்ப எப்படி சார் சுத்தம் பண்ணுதது?"

சார் பதில் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் அந்தக் கிளையை வேகவைக்கிற பாத்திரம் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் இல்லை. இருந்தது ஒரே இடம். மறுநாள் எங்கள் சர்ச்சில், நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம், பிரதிஷ்டைப் பண்டிகை அசனம். அசனம் என்றால் சபை மொத்தமும், சபைக்கு வெளியே ஊரில் பசித்தவர்கள் மொத்தமும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அதற்கான அண்டாக்கள் அன்றே கோயில் வளாகத்துக்கு வந்து இறங்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் உட்கார்ந்து குளிக்கலாம். பாத்திரங்களுக்குப் பொறுப்பு யார் என்று நினைக்கிறீர்கள்?

"சார், அசன அண்டாவுல ஓணான் கம்பா?" என்று பதறினேன்.

"சோறு பொங்குததுக்கு முன்னால அண்டாவ நான் எப்பவும் கொதி தண்ணியில வேகவப்பேன்லா. சும்மா தண்ணி கொதிக்குததுக்குக் கம்போட கொதிச்சா என்ன? பொறவு புளி போட்டு வெளக்கி இன்னொரு கொதி காட்டிருவேன்."

இந்த மனிதரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது, ஆனால் அன்று எனக்கு ஜெயிக்கவும் ஆசையில்லை. மனதுக்குள் இனிப்பாக இருந்தது. நாளைக்கு ஊருக்கெல்லாம் விஷயம் தெரியும், 'அசன அண்டாவில் ஓணான் கம்பை அவித்தவர்' என்று பெயர் மாறும், மீன் குழம்பு தெருவைத் தாண்டாது. நானே ஆர்வமாக விறகு எடுத்துப் போட்டேன்.

மத்தியானம் முழுக்கக் கிளை கொதித்தது. கொதிக்கக் கொதிக்க, கொய்யாவின் துவர்ப்பெல்லாம் இறங்கித் தண்ணீர் நல்ல கருஞ்சிவப்பாக மாறியது. வெந்த கிளையைச் சாக்கில் பிடித்துத் தூக்கி இருவருமாகச் சார் வீட்டு மொட்டைமாடியில் சேர்த்துவிட்டு, தண்ணீரைக் கவிழ்க்கத் திரும்பி வந்தோம்.

அங்கே மாதர் சங்கத்துப் பெண்கள் வந்துவிட்டிருந்தார்கள். அசனத்துக்கு முந்தைய சாயங்காலம் அவர்கள்தான் மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிப்பார்கள். உரிக்கிறவர்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுத் தருவது எங்கள் கோயிலில் வழக்கம். மூடியைத் திறந்தால் கருஞ்சிவப்பாக ஆவி பறக்கிறது. அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? ஆளுக்கொரு டம்ளரோடு வரிசையாக நின்றார்கள். சங்கத்துத் தலைவி ரூபி அக்கா ஏற்கெனவே ஒரு டம்ளர் குடித்துப் பார்த்துவிட்டு, "இனிப்பே இல்ல, துவர்க்குது. ஆம்பளையளு போட்ட காப்பி இப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லி, கருப்பட்டியும் சுக்கும் தட்டி அண்டாவில் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். வரிசையில் எஸ்தரும் இருந்தாள்.

சார் முகத்தில் முதல்முறையாக ரத்தம் வற்றியதைப் பார்த்தேன். அண்டாவின் மூடியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். சபைக்கு உண்மையை அறிவிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன்.

"அக்கா, அது காப்பி இல்ல. எங்க வீட்டு ஓணானுக்குக் கம்பு அவிச்ச தண்ணி."

டம்ளர்கள் நடுவழியில் நின்றன. நான் அந்தக் காட்சியை ருசித்தேன். ரூபி அக்கா டம்ளரை ஒருதரம் பார்த்தார், சாரை ஒருதரம் பார்த்தார்.

"என்ன கம்பு சார்?"

"கொய்யா" என்றார் சார் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல.

"நீங்களா கொதிக்க வச்சீய?"

"ஆமா."

"நல்லாக் கொதிச்சுதா?"

"மத்தியானத்துல இருந்து."

"அப்ப காப்பியவிட இதுதான் சுத்தமா இருக்கும். கொய்யாப்பட்டைத் தண்ணி வயித்துக்கும் நல்லதுதான். இன்னும் கொஞ்சம் ஊத்துங்கட்டி" என்று டம்ளரை நீட்டினார் ரூபி அக்கா. வரிசை நகர்ந்தது. எஸ்தர் இரண்டாவது டம்ளரும் வாங்கினாள். மறுநாள் அசனத்தில், அந்தச் சுக்குத் தண்ணீர் ஏன் இன்றைக்கு இல்லை என்று கேட்டவர்களும் உண்டு. சிலருக்குப் பொறாமையைத் தீர்த்துக்கொள்ளக்கூட ஆண்டவர் நியாயமான சந்தர்ப்பம் தருவதில்லை.

கிளை காய வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், அந்தப் பூஞ்சணம் மிளகாயின் மூச்சுக்குள் போகும் என்றார் சார். தினமும் மாடியில் வடகம் காயவைப்பது போலக் கிளையைத் திருப்பித் திருப்பிப் போட்டார். மிளகாயோ நாளுக்கு நாள் வாடிக்கொண்டு வந்தது. ஒருநாள் காலை அது கண்ணையே திறக்கவில்லை.

"காஞ்சது போதும் சார், வச்சிருவோம்" என்று கெஞ்சினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதையும் எழுதிவிடுகிறேன்.

"பச்ச ஈரத்தோட வச்சா, இருக்குத உசிரும் போயிரும் வே. பைய இரும்."

பிறகு அவர் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மிளகாயைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில், காலை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றினார். இடது கையை மரக்கிளை போல நீட்டி அதன்மேல் மிளகாயை விட்டார். கம்பு காய்கிறவரைக்கும் அவரே கம்பு. நம்மூர் வெயில் தெரியும்தானே, காலையிலேயே தோலை உரிக்கும். கை ஆடாமல் உட்கார்ந்திருந்தார். போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் நின்று பேசினார்கள். கை மரத்துப்போனால் வலது கைக்கு மாற்றிக்கொள்வார். எழுந்ததும் இரண்டு கையையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவார், "நம்ம சோப்பு பிள்ளைக்கு ஆவாது, பிள்ளைய தொட்ட கை நம்ம வாய்க்கு ஆவாது" என்பார். தினமும் அதே கதை. தோளெல்லாம் கறுத்து உரிந்தது. மிளகாய் முதலில் அவர் முழங்கையில் கிடந்தது, பிறகு தோளுக்கு ஏறியது, பிறகு ஒருநாள் அவர் காதோரம் தலையை வைத்துக்கொண்டு, எஸ்தர் நீட்டிய செம்பருத்தியைக் கடித்தது.

நானும் கையை நீட்டிப் பார்த்தேன். வாலால் ஒன்று கிடைத்தது.

கிளை சுக்காகக் காய்ந்த பிறகு கூண்டில் ஏற்றினோம். வார்னிஷ் அடித்தால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று நான் சொன்னதற்குச் சார் பார்த்த பார்வையைப் பத்திரிகையில் எழுத முடியாது. மருத்துவர் சொன்ன விளக்கு சுடாத தூரத்தில், மிளகாயின் பாரத்துக்குச் சாயாமல் கிளையைத் திருகாணியால் முறுக்கினார். தெருவே கண்ணாடிக்கு வெளியே நின்றது. மிளகாய் நாக்கை நீட்டிக் கம்பைத் தொட்டுப் பார்த்தது, ஒரு காலை வைத்தது, பிறகு விறுவிறுவென்று உச்சிக் கவட்டையில் போய் வயிறு பதிய வயணமாகப் படுத்துக்கொண்டது. கை தட்டினார்கள், சாருக்குத்தான். சில வாரங்களில் பச்சை முழுதாகத் திரும்பியது. ஆனாலும் தினமும் அந்தக் காலை வெயில் நேரத்தில் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். அவர் வந்தால் தோளுக்குத் தாவும். என்னைக் கண்டால் வாலைத் தயார் செய்யும். சோறு போடுகிறவன் நான்.

போன மாதம் சார் கண் ஆபரேஷனுக்காக நாகர்கோவிலில் மகள் வீட்டுக்குப் போனார். அங்கேயே கொஞ்ச நாள் இருக்கச் சொல்லிவிட்டார்கள். தெருவில் அதே கடைகள், அதே ஆட்கள், ஆனால் யாருக்கும் யாரிடமும் நின்று பேச ஒன்றும் இல்லாதது போல இருந்தது. எஸ்தர் வைத்த மீன் குழம்பு முழுசும் எனக்கே வந்தது. அவ்வளவு ருசியாக இல்லை.

நேற்றுக் காலை கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கம்பில் கிடந்த மிளகாய் எட்டி என் மணிக்கட்டில் ஒரு காலை வைத்தது. நான் மூச்சுவிடவில்லை. இன்னொரு காலையும் வைத்து, பைய ஏறி, தோளில் வந்து படுத்துக்கொண்டது. இதற்கு நான் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். ஒரு சத்தம் போட்டால் தெருவே வந்து பார்க்கும், எஸ்தர் அடுக்களையில்தான் இருந்தாள். நான் யாரையும் கூப்பிடவில்லை. அதைத் தோளில் வைத்தபடியே தெருவைக் கடந்து போய், "சார், இங்கன பாருங்க" என்று சொல்லியும் விட்டேன். அப்புறம்தான் பூட்டு கண்ணில் பட்டது. அந்தப் பூட்டின் முன்னால் வெயில் ஏறுகிற வரைக்கும் நின்றிருந்தேன். பொறாமைப்பட எனக்கு இந்தத் தெருவில் வேறு ஆள் கிடையாது, வேண்டவும் வேண்டாம்.